சோடா வண்டியில் வந்த கேஸ்

மகனே,

விழா மலருக்கு நாலு வரி வாழ்த்து எழுதிக் கொடுங்கள் என்று உன் நண்பர்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு வரியில் எனக்கு எழுத வராது. பட்டணத்துப் பல் மருத்துவக் கல்லூரியில், குழந்தைகளுக்குக் கேஸ் கொடுத்துப் பல் வைத்தியம் செய்யும் முறையைச் சொல்லித்தர உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்காக விழுப்புரம் உனக்கு விழா எடுக்கிறது. எடுக்கட்டும். ஆனால் மேடையேறப் போகிறவர்களில் ஒருவர்கூட, இதே ஊர் முதலில் உன்னை என்ன சொன்னது என்று பேச மாட்டார். அதை நான் எழுதுகிறேன். வெட்டாமல் போடுவதானால் போடட்டும். இல்லாவிட்டால் மலரில் என் பெயரே வேண்டாம். இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஊரும் சேர்ந்து படிக்கட்டும்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. சோடா மெஷினையும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திண்டிவனத்தில் உடைந்து கிடந்த ஒரு மெஷினை வாங்கி, பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, மறுபடியும் பிரித்துத்தான் தொழிலைப் பிடித்தேன். இங்கிலீஷ் எழுத்தையே கேஸ் சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்கிற எழுத்துகளைப் பார்த்துக் கற்றேன். எந்தப் பாட்டில் தாங்கும், எது வெடிக்கும் என்று தொட்டாலே சொல்லிவிடுவேன். ஒன்று மட்டும் என்னை ஏமாற்றிவிட்டு வெடித்தது. அதன் தழும்பு என் தாடையில் இருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நீ அதைத் தடவிப் பார்த்து, "வலிச்சுதாப்பா?" என்பாய். "இல்லடா" என்பேன். அது பொய். இனி நீ வலியைப் பற்றிப் பட்டணத்தில் பாடம் நடத்தப் போகிறாய் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

உனக்கு ஏழு வயதில் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் பிடித்தது. கன்னம் வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. அப்போது நாம் திண்டிவனத்தில்தான் இருந்தோம். கடைத்தெருவில் பல் பிடுங்குகிறவர் ஒருவர் இருந்தார். ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. "நல்லாப் புடிச்சுக்கினா ஜல்தியா முடிஞ்சுடும். புடிக்கலேன்னா எனக்கும் பேஜாரு, புள்ளைக்கும் பேஜாரு" என்றார். உன் மாமன் காலைப் பிடித்தான். பக்கத்துக் கடைக்காரர் கைகளைப் பிடித்தார். தலையை நான் பிடித்தேன், நெற்றியில் ஒரு கை, தாடையில் ஒரு கை. "கைய எடுப்பா! அப்பா, கைய எடு!" என்று நீ கத்தினாய். நான் எடுக்கவில்லை. பல் வந்தது, வீக்கம் வடிந்தது, நீ பிழைத்தாய். ஆனால் அதற்குப் பிறகு உன் தலையைத் தடவ நான் கையைத் தூக்கினாலே நீ கழுத்தைச் சுருக்கிக்கொள்வாய். மீசை முளைக்கிற வயது வரைக்கும் அப்படித்தான். நான் பிடித்தது தப்பு என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானும் தப்பு என்று எழுதப் போவதில்லை. சீழ் மேலே ஏறியிருந்தால் இன்று யாருக்கு விழா? வேறு வழி இருந்திருந்தால் அந்த வழியில் போயிருப்பேன். அந்த வழி அன்றைக்கு இல்லை. ஏன் பல் வைத்தியம் படிக்கப் போனாய் என்று யார் கேட்டாலும், "இடம் கெடச்சுது, படிச்சேன்" என்கிறாயே, அதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

நாம் விழுப்புரத்துக்கு வந்து, ரயில் ஜங்ஷனை நம்பி சோடா கம்பெனி பெரிதாகி, நீ படித்து முடித்து இந்த ஊரிலேயே பல் ஆஸ்பத்திரி போட்டாய். பெரியவர்கள் வந்தார்கள். குழந்தைகளைத்தான் யாரும் கூட்டி வரவில்லை. வந்த குழந்தைகளும் வாசற்படியிலேயே அலறின. அப்போதுதான் கேஸ் மெஷின் கொண்டுவரப் போவதாகச் சொன்னாய். உன் பேராசிரியர் உன்னை நம்பித் தன் மெஷினை இரவல் கொடுத்திருந்தார். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இது எடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும், எடுபடாவிட்டால் பொங்கலுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது பேச்சு. நைட்ரஸ் ஆக்ஸைடு என்று அதன் பெயரைச் சொன்னாய். "மயக்கம் போட வெக்கறது இல்லப்பா. ஆக்ஸிஜனும் கூடவே கலந்துதான் போவும். கொழந்தை முழிச்சுக்கினே இருக்கும், கேக்கறதுக்குப் பதில் சொல்லும். பயம் மட்டும் தூரமாப் போயிடும்" என்றாய். அதை நீ சொன்னபோது என் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாய். எனக்குப் புரிந்தது.

சிலிண்டர்கள் ரயிலில் வந்து இறங்கின. "நான் ஒரு வண்டி பேசிக்கறேம்பா, நீங்க அலைய வேணாம்" என்றாய். கேஸ் சிலிண்டர் ஏற்றுவதற்கென்றே வைக்கோல் பரப்பி, சட்டம் அடித்து, சொந்த வண்டி வைத்திருக்கிறவனின் மகன் வாடகைக்கு வண்டி பேசுவதா? நீ ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் பார்த்து நானே போய் எடுத்தேன். அன்று சந்தை நாள். நீல சிலிண்டருக்கு ஒரு சாமந்தி மாலை, கறுப்பு சிலிண்டருக்கு ஒரு சாமந்தி மாலை போட்டேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, புது லாரி எடுத்தவன் எப்படிக் கொண்டுவருவானோ அப்படிக் கடைத்தெரு வழியாகக் கொண்டுவந்தேன். வண்டியின் இரண்டு பக்கமும் நம் சோடா கம்பெனிப் பெயர் பச்சைப் பெயின்டில் கொட்டை எழுத்தில் இருந்தது. வழியில் நின்று பார்த்தவர்களுக்கெல்லாம் கலர் சோடா உடைத்துக் கொடுத்தேன். "சாப்புடுங்க, எம் மவன் ஆஸ்பத்திரிக்குக் கேஸ் வந்திருக்குது!" என்றேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். ஏப்பம் விட்டார்கள். அதில் ஒருவராவது இது வேறு கேஸா, சோடா கேஸா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இறக்கி வைத்தபோது கறுப்பு சிலிண்டரின் திருகு இறுக்கமாக இருந்தது. சோடா சிலிண்டர் இறுகினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். மடியிலிருந்த எண்ணெய்க் குப்பியைத் திறந்து வால்வில் ஒரு சொட்டு விடப் போனேன். நீ உள்ளிருந்து பாய்ந்து வந்தாய். "அது சோடா இல்ல! கைய எடுங்கப்பா!" கம்பவுண்டர் பார்த்தார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். ஆக்ஸிஜன் வால்வில் எண்ணெய் பட்டால் திறக்கிறபோது தீப்பிடிக்கும் என்று அப்புறம் பொறுமையாகச் சொன்னாய். சரி, நிஜம்தான். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கத்தியிருக்கலாம். கத்திவிட்டுக் காரணம் சொன்னாய். "எண்ண சொட்டற நேரத்துல நின்னு காரணம் சொல்லிக்கினு இருப்பாங்களா?" என்று உன் அம்மா கேட்டாள். அவள் எப்போதும் உன் கட்சி. காய்ந்த துணியால் நீ குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் படியிறங்கினேன். இனி இந்தப் படியேறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? "சோடாக்காரரு மவன் கொழந்தைங்களுக்கு சோடா கேஸ் ஏத்தறாராம்." "வவுறு ஊதிப் போவுமாம்." "மூடி தெறிக்கிற மாதிரி பல்லு தானாத் தெறிச்சு வந்துடுமாம்." "கண்ணு ரெண்டும் கோலி மாதிரி உருளுமாம்." சந்தையில் என் சோடாவைக் குடித்துக்கொண்டே பேசினார்கள். சிலர் இப்போது விழாக் குழுவில் இருக்கிறார்கள். பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். குழந்தைகளோடு வந்த ஒன்றிரண்டு பேரும் வராமல் போனார்கள். மெஷின் துணி போர்த்தி மூலையில் நின்றது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. நீ என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, வேறு வார்த்தையும் பேசவில்லை. "ஒண்ணு நீங்க பேசுங்க, இல்லாட்டி அவன் பேசட்டும். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எத்தினி நாளைக்கு நடந்துக்கினு இருக்கறது?" என்றாள் உன் அம்மா. நான் பேசவில்லை. அவன்தானே கத்தினான் என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் உன் தங்கச்சி மகள், ஆறு வயதுப் பாப்பாவுக்குப் பல்வலி வந்து நின்றது. உனக்கு வந்த அதே கடைவாய். அங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போய், நாலு பேர் பிடித்தும், டாக்டர் விரலை ரத்தம் வரக் கடித்துவிட்டு ஓடி வந்துவிட்டாள். அதற்கப்புறம் சோறு ஊட்டக்கூட வாயைத் திறக்கவில்லை. கன்னம் ஏறிக்கொண்டே போனது. உன் தங்கச்சி மாமனாரைத் தெரியும் உனக்கு, மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்கிறவர், நம் ஊர்ப் பேச்சையெல்லாம் ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே திண்டிவனத்தில் பேசிவிடுகிறவர். வேறு வழியில்லாமல்தான் பாப்பாவையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு பகல் ரயிலில் விழுப்புரம் வந்து இறங்கினார். நேராக என் கம்பெனிக்கு வந்தார்.

"இன்னா சம்பந்தி, எம் பேத்தி என்னா பன்னீர் சோடாவா, கேஸ் ஏத்தறதுக்கு?"

"அது சோடா கேஸ் இல்லீங்க சம்பந்தி."

"நீங்கதான மால போட்டு, வண்டியில வெச்சு, ஊரெல்லாம் காட்டிக்கினு போனீங்க?"

அவர் விடவில்லை. "மேல்மலையனூருல காது குத்தறப்ப தாய்மாமன் மடியிலதான ஒக்கார வெச்சோம்? இதுக்கும் தாய்மாமன் மடி வோணும். தாய்மாமனே கேஸ் புடிச்சுக்கினு நின்னா மடிக்கு எங்க போறது? நீங்களே சொல்லுங்க." இப்படிச் சொன்னால் நாம் அடங்கிவிடுவோம், தான் பாப்பாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். உன் தங்கச்சி பாப்பாவின் கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். அந்த முந்தானையைப் பார்த்ததும் எனக்குப் பழைய திண்டிவனம் ஞாபகம் வந்தது. "மொதல்ல எனக்கு வெக்கட்டும். நீங்க நின்னு பாருங்க. எனக்கு வவுறு ஊதுச்சுன்னா பாப்பாவைக் கூட்டிக்கினு போயிடுங்க" என்றேன். ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்த படியில் ஏறினேன்.

உள்ளே வந்து அந்தச் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "எனக்குக் கேஸ் வை" என்றேன். நீ என்னைப் பார்த்தாய், சம்பந்தியைப் பார்த்தாய், பாப்பாவின் கன்னத்தைப் பார்த்தாய். எல்லாம் உனக்குப் புரிந்துவிட்டது. "மூக்கு அடைப்பு ஏதாச்சும் இருக்குதாப்பா? சாப்ட்டு எவ்ளோ நேரமாச்சு?" என்றாய். அவ்வளவு நாள் கழித்து நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. டாக்டராகத்தான் கேட்டாய், இருந்தாலும் எனக்குப் போதுமாக இருந்தது. கறுப்பு ரப்பர் மூடியை என் மூக்கின்மேல் வைத்தாய். முதலில் ரப்பர் வாசனை, அப்புறம் லேசாக ஒரு தித்திப்பு. பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. கை கால் வெயிலில் காய்ந்த மாதிரி இதமாக இருந்தது. சம்பந்தி பேசுவது அடுத்த தெருவிலிருந்து கேட்டது. எனக்கு எல்லாம் தெரிந்தது, எதுவும் என்னை உரசவில்லை. நான் சிரித்தேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் சிரிக்கவில்லை.

நீ கேஸை நிறுத்தி வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தாய். தெளிந்து எழுந்து உட்கார்ந்தேன். "சிரிச்சீங்க சம்பந்தி. பல்லு பூராத் தெரிஞ்சுது" என்றார் அவர். "இல்ல" என்றேன். "தாத்தா சிரிச்சுது" என்று ஒரு குரல் கேட்டது. பாப்பா. நாட்கணக்கில் திறக்காத வாய். நான் சிரித்து அவள் பார்த்ததில்லையாம், அப்படி என்னதான் அந்த மூக்கு மூடிக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். "எனக்கும் அது வெய்யி மாமா" என்று சொல்லிவிட்டு, நான் இறங்குவதற்குள் அவளே மறுபக்கம் ஏறிவிட்டாள். அவளுக்காகத்தான் ஒத்துக்கொள்கிறேன். ஒருவேளை கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

அன்றைக்கு நீ வேலை செய்ததை நான் மேடையில் யாரும் சொல்லக் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் அவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நாற்காலியில் பாப்பா தனியாக உட்கார்ந்திருந்தாள். முதலில் வெறும் ஆக்ஸிஜன் வைத்தாய், பிறகு கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாய். உன் குரல் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது.

"திண்டிவனத்துல ரயில் ஏறினியே, அடுத்து இன்னா ஸ்டேசன்?"

"மயிலம்."

"மயிலத்துல யாரு ஏறுனா?"

"ஒரு ஆடு ஏறுச்சு மாமா." நிறுத்தி யோசித்தாள். "டிக்கெட்டு எடுக்கல."

"ஐயையோ. டி.டி.ஆர். புடிச்சுட்டாரா?"

"அவுரும் ஆடுதான்."

உன் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பேரணி ஸ்டேஷன் வந்தது. பேரணியில் நீ மரத்துப்போகிற ஊசியை எடுத்தாய். ஊசியைப் பார்த்ததும் சம்பந்தி பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டி அவள் முழங்காலைப் பிடிக்கப் போனார். நீ குரலை உயர்த்தவே இல்லை. ஸ்டேஷன் பெயர் சொல்கிற அதே குரலில், "கைய எடுங்க மாமா. யாரும் புடிக்க வேணாம்" என்றாய். அவர் எடுத்தார். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு திருப்தி! அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அது பாப்பாவின் நெற்றிமேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. நீ என் கையைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். நானே எடுத்துக்கொண்டேன். அவள் தலை அசையவில்லை. ஊசி போனது. விக்கிரவாண்டியில் மழை பெய்ததாகச் சொன்னாள். முண்டியம்பாக்கத்தில் பல் வந்துவிட்டது. துணியை வாயில் வைத்து, வெறும் ஆக்ஸிஜனை ஓடவிட்டாய். கொஞ்ச நேரத்தில் கண்ணை நன்றாக விழித்து, துணிக்குள்ளிருந்தே, "வியுப்பும் வந்துச்சா?" என்றாள். "வந்துடுச்சு. எறங்கு" என்றாய். இறங்கினாள்.

அப்புறம் நடந்ததை ஊர் அறியும். யார் வாய் வதந்தியைக் கொண்டுபோனதோ அதே வாய் அதை அழித்தது. சம்பந்தி மண்டியில், ரயிலில், கல்யாண வீட்டில் எல்லாம் சொன்னார், நான் சிரித்ததையும் சேர்த்துத்தான். திண்டிவனத்திலிருந்து, வானூரிலிருந்து, கடலோரத்திலிருந்து அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஸ்டேசன் சொல்ற டாக்டரு எங்க கீறாரு?" என்று என் கம்பெனியில் வழி கேட்டார்கள். பொங்கலுக்கு மெஷின் திரும்பிப் போகவில்லை. பேராசிரியர்தான் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது உன்னைக் கூப்பிடுவதும் அவர்தான்.

ஆகவே மகனே, பட்டணத்தில் புது மெஷின்கள் இருக்கும், கேஸ் அளவு காட்ட முள் ஆடுகிற கடிகாரங்கள் இருக்கும். அவற்றைக் கற்றுக்கொடு. ஆனால் கேஸைத் திறந்துவிட்டுப் பேசாமல் நிற்கிற ஒரு மாணவனையும் தேற விடாதே. உன் குரல்தான் பாதி வேலை செய்தது, நான் உள்ளேயிருந்து பார்த்தவன். சளி பிடித்த பிள்ளையை எவ்வளவு பெரிய மனிதர் கூட்டி வந்தாலும் மூக்கடைப்பு விட்டபிறகு வா என்று அனுப்புவாயே, அந்தப் பிடிவாதம் என்னுடையது. அதை அங்கே போய்த் தளர்த்தாதே. காரியத்தைக் கெடுக்கிற தகப்பன்கள் அங்கேயும் வருவார்கள். கத்த வேண்டிய இடத்தில் கத்து. ஆனால் அன்று சாயங்காலமே அவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் காப்பி சாப்பிடு. பொங்கல் வரைக்கும் இழுக்காதே.

இன்னொன்று. உன் சாமான்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக விழாக் குழு வாடகைக் கார் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். காரில் நீயும் உன் அம்மாவும் போங்கள். மெஷினும் சிலிண்டர்களும் நம் வண்டியில்தான் போகும். வண்டியில் இருக்கிற பெயருக்குப் பச்சைப் பெயின்ட் புதிதாக அடித்தாகிவிட்டது. கடைத்தெரு வழியாகத்தான் போவேன். மாலை போடுவேன், பூசணிக்காய் உடைப்பேன், நிற்கிறவர்களுக்குக் கலர் கொடுப்பேன். சந்தனமும் குங்குமமும் வைப்பேன். வால்வில் படாமல் வைப்பேன்.

உன் அப்பா